ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வுப் பணியிடம் தேடும் முறை

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் முனைவர் பட்டம் பெற விரும்புவோர் பெரும்பாலும் தேட வேண்டியது அட்மிஷனை அல்ல, வேலையை. அங்கே ஆய்வாளர் பலர் பேராசிரியரின் குழுவில் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்து, மாதச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் பெற்றுக்கொண்டே ஆய்வு செய்கிறார்கள். ஏதேனும் ஒரு திட்டத்துக்கு நிதி கிடைக்கும்போதெல்லாம் இடங்கள் அறிவிக்கப்படுவதால், ஆண்டு முழுவதும் தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் பிஎச்டி ஜெர்மனி, அகாடமிக்ஸ், யூராக்சஸ் ஆகிய இணையதளங்களில் தேடலைத் தொடங்கலாம். பல்கலைக்கழகத் தளங்களில் 'ஸ்டெல்லன்அங்கெபோட்டெ' என்பதே வேலைவாய்ப்புப் பக்கம். 'ப்ரொமோட்சியோன்' என்ற சொல்லைப் பதவி உயர்வு என்று எண்ணிக் கடந்துவிடக் கூடாது, ஜெர்மனில் அது முனைவர் பட்டத்தைக் குறிக்கும்.

இவற்றைவிட எனக்கு அதிக நம்பிக்கை உள்ள வழி வேறொன்று. ஜெர்மன் ஆராய்ச்சி நிதியமான டிஎஃப்ஜி, தான் நிதி வழங்கும் திட்டங்களை கெப்ரிஸ் என்ற தரவுத்தளத்தில் வெளியிடுகிறது. உங்கள் ஆய்வுப் பொருளை அங்கே தேடினால் திட்டத்தின் சுருக்கமும், பொறுப்பேற்றுள்ள பேராசிரியரின் பெயரும், தொடங்கிய ஆண்டும் கிடைக்கும். அண்மையில் தொடங்கிய திட்டமாக இருந்தால் அதற்கு இன்னும் ஆள் தேவைப்படலாம் என்பதால், அறிவிப்பு வரும்வரை காத்திராமல் அந்தப் பேராசிரியருக்கு எழுதிக் கேட்பது தவறல்ல.

அறிவிப்பை நிதானமாகப் படியுங்கள். 'டிவி-எல் ஈ13, 65 விழுக்காடு, 3 ஆண்டுகள்' என்றிருந்தால், மாநில அரசு ஊழியர் ஊதிய ஒப்பந்தத்தின் 13ஆம் நிலையில் முழுச் சம்பளத்தின் 65 விழுக்காடு கிடைக்கும் என்று பொருள். பொறியியலிலும் கணினி அறிவியலிலும் 100 விழுக்காட்டு இடங்கள் அதிகம். உயிரியல், வேதியியல் துறைகளில் அதற்குக் குறைவான விழுக்காடே வழக்கம். மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனங்களில் இடம் கிடைத்தாலும் பட்டத்தை ஒரு பல்கலைக்கழகமே வழங்கும் என்பதால், அது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவது வீண் உழைப்பு. 'பெரோவ்ஸ்கைட் மெல்லேடுகள் ஈரப்பதத்தில் சிதைவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன்; என் முதுநிலை ஆய்வேட்டில் அதே மெல்லேடுகளைச் சுழல்பூச்சு முறையில் தயாரித்தேன்' என்று தொடங்கும் ஒரு பக்கக் கடிதமே படிக்கப்படும். அறிவிப்பில் 'கென்ட்சிஃபர்' எனும் குறிப்பெண் இருந்தால் அதை மின்னஞ்சலின் தலைப்பில் இடுங்கள். தன்விவரம், மதிப்பெண் பட்டியல்கள், ஆய்வேட்டின் சுருக்கம், பரிந்துரைக்கக்கூடிய இருவரின் விவரம் ஆகியவற்றை ஒரே பிடிஎஃப் கோப்பாக இணையுங்கள். ஜெர்மனியில் 1.0 தான் மிக உயர்ந்த மதிப்பெண் என்பதால், உங்கள் 8.7 என்பது பத்துக்கு எட்டரைக்கு மேல் என்று புரியும்படி அளவுகோலையும் சேர்த்து எழுதுங்கள்.

பேராசிரியர் சம்மதித்த பின்னும், பணி ஒப்பந்தம் வேறு, முனைவர் பட்டத்துக்காகப் பல்கலைக்கழகப் புலம் (ஃபேகல்டி) தரும் அனுமதி வேறு. உங்கள் பட்டம் அங்கே ஏற்கப்படுமா என்பதை அனபின் தரவுத்தளத்தில் பார்த்துக்கொண்டு, கூடுதல் பாடங்கள் எழுத வேண்டியிருக்குமா என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே புல அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.