செட்னா கதையை இசை நாடகமாக மேடையேற்றுவது எப்படி?

ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் கடலன்னை செட்னாவின் கதை ஊருக்கு ஊர் மாறும். சில பகுதிகளில் அவள் பெயரே நூலியாயுக். முதல்முறை செய்பவர்களுக்கு, மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1883-84இல் கனடாவின் பாஃபின் தீவில் கேட்டெழுதி 1888இல் வெளியிட்ட வடிவம் வசதி. அதில் கணவன் ஒரு கடற்பறவை. வேறு வடிவங்களில் நாய். இரண்டையும் கலக்காதீர்கள், தந்தை ஏன் மகளைக் கடலில் தள்ளுகிறார் என்பதே புரியாமல் போய்விடும்.

அடுத்தது நேரப் பங்கீடு. 40 நிமிட நாடகத்தில் திருமணத்துக்கு 12, தந்தை மகளைக் கடலில் தள்ளும் படகுக் காட்சிக்கு 5 போதும். படகைப் பிடித்துத் தொங்கும் அவள் விரல்கள் வெட்டப்பட்டு சீல்களாகவும் (கடல்நாய்கள்) திமிங்கிலங்களாகவும் மாறும் காட்சியிலேயே பலரும் மொத்த உழைப்பையும் கொட்டிவிடுகிறார்கள். கதையின் உயிர் அதற்குப் பின்னால் இருக்கிறது. ‘இதைச் செய்யக் கூடாது’ என்ற விலக்குகளை மனிதர்கள் மீறும்போது அந்த அழுக்கு அவள் கூந்தலில் சேர்கிறது. விரல் இல்லாததால் அவளால் வார முடியாது. கோபத்தில் விலங்குகளைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறாள், ஊர் பட்டினி கிடக்கிறது. அங்காக்குக் எனும் மாந்திரிகர் கடலடிக்குப் போய் வாரிவிட வேண்டும். மீதி 23 நிமிடமும் இதற்குத்தான்.

கூந்தலுக்குக் கறுப்புக் கம்பளி நூல், 4 மீட்டர் நீளத்தில் 60 இழைகள். அதில் ஏழு இடங்களில் பச்சைத் துணிக் கீற்றுகளை உருவு முடிச்சாகப் போடுங்கள். சாதாரண முடிச்சு சீப்பில் சிக்கினால் காட்சி அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு மீறல். கடல்வேட்டைக் காலத்தில் காரிபூ (வடதுருவக் கலைமான்) தோலைத் தைத்தது என்பதுபோல ஒவ்வொன்றையும் கோரஸ் ஒரு வரியில் பாடட்டும். பாடி முடித்ததும் முடிச்சு அவிழ வேண்டும்.

தாளத்துக்கு கிலாவுத், கைப்பிடி வைத்த பெரிய வளையப் பறை. தோலின் நடுவில் அடிக்கக் கூடாது. இடக்கை மணிக்கட்டால் பறையைத் திருப்பத் திருப்ப, கோல் வளையத்தின் விளிம்பில் மாறி மாறி விழும். காரிபூ தோலானால் மேடை விளக்குச் சூட்டில் உலர்ந்து ஓசை கெடும். ஏறுமுன் தண்ணீர் தடவி, கயிற்றை இறுக்கிக்கொள்ளுங்கள்.

கத்தாஜ்ஜாக் எனும் தொண்டைப்பாட்டு இரு பெண்கள் எதிரெதிரே நின்று ஆடும் போட்டி. ஒருத்தி விடும் இடைவெளியை மற்றவள் நிரப்புகிறாள். முதலில் சிரிப்பவளோ மூச்சு தளர்பவளோ தோற்றாள். ஆண்கள் வேட்டைக்குப் போனபோது ஆடியது என்பதால் தொடக்க முகாம் காட்சியில் வையுங்கள், பட்டினி வந்ததும் நிறுத்துங்கள். பதிவை ஓடவிட்டுப் பின்னணி இசையாக்கினால் போட்டியே செத்துப்போகும். ஒலிப்பொறியாளரிடம் நாய்ஸ் கேட் (மெல்லிய ஒலிகளைத் தானே வெட்டும் அமைப்பு) இருந்தால் அணைக்கச் சொல்லுங்கள். மூச்சொலியை அது இரைச்சலென்று வெட்டிவிடும். இதை இனுயிட் பாடகர்களிடமே கற்க வேண்டும், முடிந்தால் அவர்களையே மேடைக்கு அழையுங்கள். தேவாலயங்கள் ஒடுக்கிய காலத்தைத் தாண்டி அவர்கள் மீட்டெடுத்த கலை இது.

முகாம் காட்சிக்கு வைக்கும் குல்லிக் எனும் இனுயிட் கல்விளக்கின் சுடர் கூர்மையாக எழாது. கல்விளிம்பு நெடுகத் தாழ்வான கோடாக எரியும். மஞ்சள் எல்இடி பட்டை ஒன்று போதும்.

சீல்கள் திரும்பும் முடிவுக்கு ‘ஆயாயா’ என்ற பல்லவியோடு புதிய மெட்டு அமையுங்கள். பிஸிக் எனும் பழைய இனுயிட் பாடல்கள் ஒவ்வொன்றும் இயற்றியவருக்கு உரியவை. குடும்பத்தார் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது.