வேமும் டிஏபியும் ஒரே பையில் வேண்டாம்

காரமடை, அன்னூர் பக்கம் புதிதாக மர நாற்றுப் பண்ணை போடுகிறவர்கள், வேம் (வேரில் வாழும் பூஞ்சை உரம்) மாதிரி உயிர் உரங்களைப் போடுவதில் நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். உயிர் உரத்தை வெயிலில் வைக்காதே, தேதி பார்த்து வாங்கு என்பதெல்லாம் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது, அதை விடுங்கள்.

வேம் போட்ட பைக்கு டிஏபி தண்ணீர்

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. தெரிந்த தம்பி ஒருவன் மலைவேம்பு போட்டான். செம்மண், தொழு உரம், பைக்கு 10 கிராம் வேம், எல்லாம் கணக்காகத்தான் கலந்தான். நாலு இலை வந்ததும் ராத்திரியே டிஏபி ரசாயன உரத்தைப் பக்கெட்டில் ஊறவைத்து, அடியில் சாம்பல் வண்டல் கலங்காமல் மேல் தண்ணீரை மட்டும் மொண்டு பை பையாக ஊற்ற ஆரம்பித்துவிட்டான். "ஏனுங்ணா, ரெண்டும் சேர்ந்தா டபுளா வளருமுங்கல்ல?"

வளராது. வேம் பூஞ்சை வேருக்குள் குடியிருந்து, வேர் எட்டாத இடத்தில் மண்ணோடு ஒட்டிக்கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இழுத்து வந்து செடிக்குக் கொடுக்கிறது. கூலியாகச் செடி தான் தயாரித்த சர்க்கரையைக் கொடுக்கிறது. டிஏபியில் மணிச்சத்து 46 சதவீதம். அது தண்ணீரில் கரைந்து காலடிக்கே வரும்போது செடி எதற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கப் போகிறது? பூஞ்சை வேருக்குள் பரவாமலே நின்றுவிடும். உயிருள்ள வேரை விட்டால் அதற்கு வேறு பிழைப்பும் கிடையாது.

கொடுமை என்னவென்றால், பண்ணையில் இருக்கும்வரை இது தெரியவே தெரியாது. நாற்று கரும்பச்சையாக, பக்கத்துப் பண்ணை நாற்றைவிட ஒரு சாண் உயரமாக நிற்கும், வாங்க வருகிறவரும் அதைத்தான் தூக்குவார். பல்லடம், காங்கேயம் மாதிரி வறண்ட காட்டில் நட்டு, தினத் தண்ணீரும் டிஏபியும் நின்ற பிறகுதான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். ஐப்பசியில் அவனிடம் வாங்கி நட்டவர் மாசியில் நாலைந்து செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து போட்டார். வேர் பைமண்ணைத் தாண்டியே போகவில்லை. மாற்று நாற்று, வண்டி வாடகை, மறுபடி குழி எடுத்த கூலி எல்லாம் தம்பி தலையில். டிஏபி மட்டும்தான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் வேமுக்குக் கொடுத்த காசு தண்டம் என்பதில் சந்தேகமே இல்லை.

மணிச்சத்து போதாது என்று பயமா? ராக் பாஸ்பேட்டைக் கொஞ்சம் கலந்து பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரத்தைப் போடுங்கள், அது மெதுவாகக் கரைத்துக் கொடுக்கும்.

மேலே தூவுவது

வேமை மண்ணுக்கு மேலே தூவாமல், விதைக்கு 2, 3 செ.மீ. கீழே போடுங்கள். இறங்குகிற வேர் அதைத் தொட்டுக்கொண்டு போகணும்.

வெள்ளை நூலைப் பார்த்துச் சந்தோஷப்படுவது

பைமண்ணில் வெள்ளை நூல் மாதிரி தெரிவது வேம் இல்லை, தொழு உரத்தை மட்க வைக்கும் வேறு பூஞ்சை. வேம் பிடித்ததா என்பது வேருக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் தெரியும், அதனால் யாராவது வெறுங்கண்ணால் காட்டுகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

மலைவேம்புக்கு ரைசோபியம்

காசு மிச்சம், வாங்காதீர்கள். வேர் முடிச்சில் இருந்து தழைச்சத்து கொடுக்கும் அந்த பாக்டீரியா வாகை, புங்கன் மாதிரி பயறு இனத்து மரங்களுக்கு.

சவுக்குக்கும் அதே ரைசோபியம்

சவுக்கு வேரில் முடிச்சுப் போடுவது பிராங்கியா என்ற வேறு நுண்ணுயிர். ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தில் போய்க் கேளுங்கள், சவுக்கில் நிறைய வேலை செய்தவர்கள்.

நாற்று அழுகினால் உடனே கார்பன்டசிம்

கார்பன்டசிம் பூஞ்சைக்கொல்லி. அழுகலைத் தடுக்க நாம் மண்ணில் கலக்கிற ட்ரைக்கோடெர்மாவும் பூஞ்சைதானே? அழுகலுக்கு ஊற்றுகிற மருந்து அதையும் சேர்த்துத்தான் கொல்லும். முதலில் தண்ணீரைக் குறையுங்கள், நெருக்கமாக இருக்கிற பைகளைத் தள்ளி வையுங்கள், அப்புறம் மருந்துக் கடைக்குப் போகலாம்.