ஹெட்செட்டில் ஓர் ஓவர், கண்ணை மூடி ஓர் ஓவர்

மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வீசிய பந்து பேட்டரை எட்ட ஏறக்குறைய அரை நொடிதான் ஆகும். முன்னங்காலா, பின்னங்காலா, விட்டுவிடுவதா என்ற முடிவு அதற்குள் வந்தாக வேண்டும். அந்த முடிவை மனதுக்குள் ஆடிப் பழகலாம். ஆனால் கண்ணை மூடினால் பலருக்குப் பந்தே தெளிவாகத் தெரியாது. கண்ணில் ஹெட்செட் மாட்டி, கையிலுள்ள கன்ட்ரோலரையே மட்டையாக வீசி ஆடும் விஆர் (மெய்நிகர்) கிரிக்கெட் உதவுவது இங்கேதான்.

முதலில் தரை மட்டம். கன்ட்ரோலரைத் தரையில் வையுங்கள்; ஹெட்செட்டில் தெரியும் படத்திலும் அது தரையைத் தொட வேண்டும். மிதந்தாலோ புதைந்தாலோ பந்து எழும்பும் உயரம் தவறாகத் தெரியும், தவறான பவுன்ஸே மனதில் பதியும். கேமில் டைமிங் உதவி (நேரம் தவறி வீசினாலும் சரிசெய்துகொடுக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். சுற்றிலும் 2 மீட்டர் இடம் விடுங்கள்.

முதல் ஓவரில் மட்டையை வீசவே வேண்டாம். பந்து குத்துவதற்குள் அதன் லெங்த்தை, அதாவது எங்கே குத்தும் என்பதை, வாய்விட்டுச் சொல்லுங்கள்: உங்களுக்கு அருகில் என்றால் "ஃபுல்", தள்ளி என்றால் "ஷார்ட்", இரண்டுக்கும் நடுவே என்றால் "குட்". அடுத்த ஓவரை ஆடுங்கள். பிறகு ஹெட்செட்டைக் கழற்றி, உங்கள் சொந்த மட்டையோடு ஸ்டான்ஸில் (பந்தை எதிர்கொள்ளும் நிலையில்) நின்று, கண்ணை மூடி அதே ஆறு பந்துகளையும் ஆடுங்கள். உண்மையான பயிற்சி இந்த ஓவர்தான்; இதைத் தவிர்த்தால் மிஞ்சுவது வீடியோ கேம்.

மனதில் ஆடும்போது டிவி கேமரா கோணம் வேண்டாம், உங்கள் கண் வழியே பாருங்கள். பவுலர் ஓடத் தொடங்கியதிலிருந்து பந்து மட்டையில் படும்வரை ஹெட்செட்டில் எத்தனை நொடி என்று ஒருவரை ஸ்டாப்வாட்சில் பார்க்கச் சொல்லுங்கள். மனதிலும் அதே நேரம் ஆக வேண்டும். குறைந்தால், பெரும்பாலும் ரன்-அப்பைத் தாவியிருப்பீர்கள். மூச்சும் பார்வையும் நிலைகொள்வது அந்த நொடிகளில்தான்.

பவுலரின் மணிக்கட்டையும் விரலையும் படிக்க விஆரை நம்ப வேண்டாம். பல கேம்களில் அந்த அசைவு நிஜம்போல இருக்காது. அதற்கு செல்போன் போதும். வலைக்குப் பின்னால், பேட்டரின் கண் உயரத்தில் வைத்து, நொடிக்கு 60 பிரேமாவது (தனிப் படங்கள்) வரும்படி பவுலரை வீடியோ எடுங்கள். 140 கி.மீ. பந்து ஒரு பிரேமுக்குள் 65 செ.மீ. நகர்ந்துவிடும்; 30 பிரேமில் 1.3 மீட்டர், கைவிடும் கணமே சிக்காமல் போகலாம். பந்து கையை விட்டதும் நிறுத்தி லெங்த்தைச் சொல்லிவிட்டு மீதியை ஓட்டிப் பாருங்கள்.

தலை சுற்றினால் உடனே கழற்றுங்கள், தாக்குப்பிடிக்க முயல வேண்டாம். வலைப்பயிற்சிக்குச் சற்றுமுன் விஆர் ஆடாதீர்கள்: கன்ட்ரோலரின் எடை குறைவு, அந்தப் பழக்கத்தில் நிஜ மட்டை தாமதமாக இறங்கலாம்.