7 மீட்டர் கம்பி போதும்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. இந்தப் பக்கம் போர்வெல் மோட்டார் கருகாத வாரம் கிடையாது, அதனால் எனாமல் கம்பிக்குப் பஞ்சமில்லை. அந்தத் தைரியத்தில் கைக்கு அடக்கமான என் சிற்றலை ரேடியோவுக்கு வெளி ஆன்டெனாவாக முதல் தடவை 30 மீட்டர் கம்பி இழுத்துக் கட்டினேன். கிளிப்பை மாட்டியதும் சீனமும் அரபியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. எங்கே திருப்பினாலும் அதே கச்சேரி. சின்ன ரேடியோ அவ்வளவு சிக்னலைத் தாங்காது. வெட்டி வெட்டி 7 மீட்டரில் நிறுத்தினேன். 5 முதல் 10 வரை எதுவும் சரிதான்.

கம்பி கட்டும் முன் ஒரு சோதனை. ராத்திரி ரேடியோவை பேட்டரியில் போட்டு, 31 மீட்டர் பேண்டில் (9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ்) நிலையம் இல்லாத இடத்தில் வையுங்கள். மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் திருடன் வீட்டுக்குள்தான். செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், எல்இடி பல்பு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டது சாமி மாடத்து பல்பு. அதைக் கழற்ற அம்மா விடுவாரா? அவர் தூங்கியபிறகுதான் எனக்கு ரேடியோ.

கம்பியை வெளியே கொண்டுபோவதே இந்த இரைச்சலிலிருந்து தப்பத்தான். சுவர் ஒயரிங்கை ஒட்டியே ஓட்டினால் இரைச்சலும் கூடவே வரும். கரண்ட் லைனுக்கு மேலேயோ கீழேயோ பக்கத்திலோ கட்டவே கூடாது. அறுந்து அதன்மேல் விழுந்தால் உயிர் போய்விடும்.

என் கம்பி ஜன்னலில் தொடங்கித் தென்னையில் முடிகிறது. மரத்தில் நேராகக் கட்டாமல், நுனியில் சின்ன பிவிசி பைப் துண்டு, அதிலிருந்து சைக்கிள் ட்யூப், பிறகு நைலான் கயிறு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மரம் ஆடும்போது ட்யூப் இழுபட்டுக் கொடுக்கும், கம்பி அறாது. வெயிலில் ட்யூப் மக்கிவிடும், வருஷத்துக்கு ஒன்று மாற்றிவிடுகிறேன்.

ஜன்னல் பக்க முனையில் இரண்டு சென்டிமீட்டருக்கு எனாமலை பிளேடால் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்ததும் குரோக்கடைல் கிளிப்பில் சால்டர் வையுங்கள். சுரண்டாமல் வைத்தால் ஈயம் ஒட்டியதுபோல் இருக்கும், ஆனால் சிக்னல் போகாது. வேலைக்கு வரும் பையன்கள் எல்லாரும் முதலில் செய்யும் தப்பு இது. கிளிப்பை ரேடியோவின் ராட் ஆன்டெனாவில் கடிக்கவிட்டால் தீர்ந்தது. அப்புறமும் நிலையங்கள் குழம்பினால் ரேடியோவில் உள்ள டிஎக்ஸ் (தூர நிலையம்) ஸ்விட்சை லோக்கலுக்குத் (பக்கத்து நிலையம்) தள்ளுங்கள், சிக்னல் குறையும். அந்த ஸ்விட்ச் இல்லாத ரேடியோ என்றால் கிளிப்பை எடுத்துவிட்டு, ஒயர் துண்டு ஒன்றைக் கம்பியோடு சேர்த்து, உறையைச் சீவாமல் ராடில் நாலு சுற்றுச் சுற்றுங்கள்.

மீடியம் வேவுக்கு இதெல்லாம் பெரும்பாலும் உதவாது. அதற்கான ஆன்டெனா பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் என்ற கறுப்புத் தண்டு.

காய்ந்த காற்றில்கூடக் கம்பியில் சார்ஜ் ஏறும். அதனால் மாட்டும் முன் கிளிப்பை எர்த் ஒயரில் ஒருமுறை தொட்டு எடுப்பேன். ஆனால் ஐப்பசியில், மலையாளத்தார் துலாவர்ஷம் என்பார்களே, மதியத்துக்கு மேல் மலைப் பக்கம் இடி மின்னலோடு கறுத்துக்கொண்டு வந்தால் கம்பியைத் தொடும் வேலையே வேண்டாம். காலையிலேயே கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவேன்.