உப்பு குறைந்த மொய்ங்கா

வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் வந்தபின், யாங்கோனில் எங்கள் அடுப்படியில் முதலில் குறைந்தது ஙப்பி. அந்த மீன் விழுதிலும் மீன் சாஸிலும் உப்பு எக்கச்சக்கம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மொய்ங்கா என்பது அரிசி நூடுல்ஸோடு சாப்பிடும் பர்மிய மீன் குழம்பு. அதற்கு நாலு எலுமிச்சைப்புல் தண்டை நசுக்கி, இஞ்சி, பூண்டு, மஞ்சளோடு மீன் வேகும் தண்ணீரில் போடுங்கள், கவிச்சி அடங்கிவிடும். வெங்காயத்தை அவசரப்படாமல் பொன்னிறமாக வதக்க வேண்டும். உப்பில்லாத குறையைப் பாதி அதுவே மறைக்கும். வறுத்த கடலை மாவு, வாழைத்தண்டு வழக்கம்போல. மீன் சாஸ் கடைசியில், நாலு பேருக்கு ஒரே தேக்கரண்டி. அப்புறம் கிண்ணத்தில் எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி, மிளகாய்த் தூள் தூவினால் சரி.

முதல் வாரம் முகம் சுளித்தார். இப்போது கடை மொய்ங்கா கரிக்கிறதாம். அவித்த முட்டைக்கு மட்டும் உப்பு கேட்பார். நான் காதில் வாங்குவதில்லை.