பின்வளவில் ஒரு சிறு வீடு: ரொறன்ரோவில் கட்டுமுன் அளக்க வேண்டியவை

ரொறன்ரோவுக்கு வந்து, உறவினரோடு சேர்ந்து ஸ்கார்பரோவில் மாடியில்லாத பழைய பங்களா வீடு ஒன்றை வாங்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு, அந்த நீண்ட பின்வளவைக் கண்டதும் ஊரிலிருந்து வரவிருக்கும் அப்பா அம்மாவுக்கு அங்கே ஒரு சிறு வீடு கட்டலாமே என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நல்ல எண்ணம். படியிறங்கிப் போக வேண்டிய, வெயில் எட்டாத பேஸ்மென்ட்டைவிட, தரைமட்டத்தில் தனிக்கதவும் யன்னலும் உள்ள இரண்டு அறைகள் முதியவர்களுக்கு எவ்வளவோ ஆறுதலானவை. இவ்வகை வீட்டைக் கார்டன் சூட் என்கிறார்கள். பின்னால் ஒழுங்கை உள்ள காணிகளில் இப்படிக் கட்டும் உரிமை 2018இல் பழைய ரொறன்ரோ, ஈஸ்ட் யோர்க் பகுதிகளில் தொடங்கியது; ஒழுங்கை இல்லாத காணிகளுக்கு அது 2022 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது.

வரைபடம் போடுபவரைத் தேடுமுன் அளவுநாடாவோடு வீட்டின் பக்கவாட்டுப் பாதைக்குச் செல்லுங்கள். தீயணைப்புப் படையினர் தெருவிலிருந்து பின்வீட்டு வாசலுக்குத் தடையின்றி வர ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள வழி வேண்டும். அதன் நீளமும் பொதுவாக 45 மீட்டரைத் தாண்டக் கூடாது. என் அக்கா வீட்டில் சுவருக்கும் வேலிக்கும் இடையே நான்கடி இருந்ததால் கவலையின்றி வரைபடத்துக்கு முற்பணம் கொடுத்துவிட்டோம். பிறகு, எரிவாயு மீட்டர் சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருந்த இடத்தில் நாடாவைப் பிடித்தபோது எஞ்சியது 33 அங்குலம் மட்டுமே. மீட்டரை இடம் மாற்ற விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருந்தோம்.

அடுத்து மரங்களைப் பாருங்கள். தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் 30 சென்ரிமீட்டரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தை, அது உங்கள் காணியில் நின்றாலும், அனுமதியின்றி வெட்டவோ அதன் வேர்களைச் சேதப்படுத்தவோ முடியாது. அயலவரின் மேப்பிள் மரத்து வேர் வேலிக்கு இந்தப்பக்கம் ஓடினாலும் அது உங்கள் அத்திவாரத்தின் இடத்தை மாற்றும். வீட்டின் அளவுக்கும் வரம்பு உண்டு: 2022இல் வகுத்த விதிப்படி 60 சதுர மீட்டர், அல்லது பின்வளவின் 40 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுவே தரையில் அடைக்கக்கூடிய இடம். விதிகள் திருத்தப்படுவதுண்டு என்பதால் மாநகர சபையின் கட்டிடப் பிரிவில் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

செலவு பலரைத் திகைக்க வைப்பது மண்ணுக்கு அடியில்தான். குளிரில் நிலம் உறைந்து மேலெழுவதால் அத்திவாரம் குறைந்தது நான்கடி ஆழம் போக வேண்டும். தண்ணீர்க் குழாயும் உறையாத ஆழத்தில் கிடக்க வேண்டும். கழிவுநீர் சரிவில் ஓடித் தெருவுக்குச் சேர வேண்டும் என்பதால், பின்வளவு தாழ்வாக இருந்தால் பம்ப் பொருத்த நேரிடும். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரர் சொல்லும் தொகையில் இந்தக் கிடங்கு வெட்டும் வேலை அடங்கியிருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் குடும்பத்தோடு இருந்து பேசுங்கள். கார்டன் சூட்டைக் காணியிலிருந்து பிரித்துத் தனியே விற்க முடியாது. அண்ணன் முன்வீட்டிலும் தம்பி பின்வீட்டிலுமாகப் பணம் போடுவதானால், யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பதைச் சட்டத்தரணி மூலம் முதலிலேயே எழுதிவிடுவது உறவுக்கும் நல்லது.

இத்தகைய வீட்டில் வாடகைக்குக் குடியேறுபவர்களும் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடிபுகுந்த வீடுகளுக்கு ஒன்ராரியோவின் வருடாந்த வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. 90 நாள் முன்னறிவித்தல் கொடுத்து, 12 மாதங்களுக்கு ஒருமுறை உரிமையாளர் விரும்பிய அளவு உயர்த்தலாம். முற்பணமாகக் கடைசி மாத வாடகையைக் கேட்கலாம். சேதத்துக்கென்று வைப்புப்பணம் கேட்பது சட்டப்படி செல்லாது. சாவியை வாங்குமுன் வீட்டுக்குக் கட்டிட அனுமதி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். சத்தமில்லாமல் வீடாக மாற்றப்பட்ட கராஜுக்குள் நெருப்புப் பிடித்தால், அங்கே ஆட்கள் படுத்திருக்கிறார்கள் என்பதே மீட்க வருபவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.