‘கெட்’ வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் ‘கெட்’ என்ற சொல்லைக் கண்டதும் அகராதியைப் புரட்டாமல், அதற்கு அடுத்து நிற்கும் சொல்லைப் பாருங்கள். ‘கெட் எ லெட்டர்’ என்று ஒரு பொருளின் பெயர் வந்தால் கிடைப்பது அல்லது வாங்குவது. ‘கெட் ஹோம்’ என்று இடம் வந்தால் போய்ச் சேர்வது. தன்மை வந்தால் ‘ஆவது’: ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’ என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். இங்கேதான் பலர் ‘பெறுகிறது’ என்று போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

இல்லாத ஒன்று வந்து சேர்கிறது என்பதை மட்டும்தான் ‘கெட்’ சொல்லும். வந்தது என்ன என்பதை அடுத்த சொல் சொல்லிவிடும். நம் ‘அடி’யும் இப்படித்தானே: வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, பரீட்சையில் காப்பி அடிக்கிறான். யாருக்கும் அடி விழவில்லை.

‘கெட் அப்’ (எழுந்திருப்பது), ‘கெட் ஓவர்’ (மீண்டு வருவது), ‘கெட் அவே வித்’ (தப்பு செய்தும் மாட்டாமல் தப்பிப்பது) போன்றவற்றுக்கு இந்த வழி உதவாது; அவற்றை முழுசாகவே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். ‘ஐ கெட் இட்’ என்றால் ‘புரிகிறது’. அப்புறம், ‘கெட்’டின் இன்னொரு வடிவமான ‘காட்’ வரும் ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்பது கார் கிடைத்த செய்தி இல்லை. என்னிடம் கார் இருக்கிறது என்பதுதான்.